கோணக் கலுங்கு

மாப்பிள்ளை,

என் மேசைமேல் ஒரு வெல்ல உருண்டை இருக்கிறது. மறையூர் வெல்லம். உருட்டிய கையின் விரல் தடம் அதில் அப்படியே பதிந்திருக்கிறது. மழைக் காற்றுக்கு வியர்த்து, சுற்றியிருந்த காகிதத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது; தின்னவும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. அந்த வாசனை மூக்கில் ஏறும்போதெல்லாம் நாற்காலியில் இருப்புக் கொள்ளாமல் எழுந்துவிடுகிறேன். வாசல்வரை போகிறேன், வாய்க்கால்வரை போகிறேன், திரும்பி வருகிறேன். மருமகள் கேட்டேவிட்டாள்: "ஏனுங்க மாமா, கால்ல வெந்நித் தண்ணி ஊத்துன மாதிரி எதுக்கு இப்படிச் சுத்தறீங்க?"

உங்கள் வருஷத் திதிக்கு இந்த வெல்லத்தைக் கொண்டுவந்தவர் சொன்ன பேச்சுத்தான் என்னை எழுத உட்கார வைத்தது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மலையாளத்தை டெண்டர் நோட்டீஸ் பார்த்துப் படித்தேன், வரைபடம் பார்க்க உங்கள் ஆபீஸ் குப்பையில் கிடந்த நீலத் தாள்களை விரித்துப் படித்தேன். பெட்டிஷன் எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. அது உங்களுக்குத் தெரியாததல்ல.

திதியன்று எல்லோரும் உங்களை நல்லவர் என்றார்கள். நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்களோடு சம்பந்தம் வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது எத்தனை சிரமம் என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

உங்களுக்குக் கட்டிக்கொடுத்த என் தங்கை சரசுவுக்கு முதல் பிரசவ வலி கண்ட அன்று பாசன இலாகா ஜீப் உங்கள் வீட்டு வாசலில் நின்றது. டிரைவரும் இருந்தான். மழை கொட்டுகிறது. நான் அவளைத் தாங்கிக்கொண்டு ஜீப்பின் பக்கம் போனேன். நீங்கள் குறுக்கே வந்து நின்றீர்கள்.

"கால்வாய் பாக்கறதுக்குக் குடுத்த ஜீப்புங்க மச்சான். இதுல வேண்டாமுங்க."

"என்ற தங்கச்சி இங்க துடிச்சுட்டு நிக்கறா. சட்டம் பேசறீங்களா?"

நீங்கள் மழையில் ஓடினீர்கள். யாருடைய டெம்போவையோ கூட்டிக்கொண்டு வந்தீர்கள். பாலக்காடு ஆஸ்பத்திரி வரைக்கும் பின்னால் அவளோடு உட்கார்ந்து, பலகையில் அவள் தலை இடிக்காமல் உங்கள் உள்ளங்கையைக் கொடுத்தபடியே வந்தீர்கள். இறங்கும்போது உங்கள் கை வீங்கியிருந்தது. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆனாலும் ஜீப்பை மறுத்ததை மட்டும்தான் நான் ஊரெல்லாம் சொன்னேன். வீங்கிய கையைப் பற்றி இப்போதுதான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

படுக்கையில் கிடந்த உங்கள் அப்பாவை ஆபீஸ் போவதற்கு முன் நீங்களே குளிப்பாட்டி, நகம் வெட்டி, சாய்வாக உட்கார வைத்துவிட்டுப் போவீர்கள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு முற்றத்தில் எப்போதும் நாலைந்து பேர் காகிதத்தோடு நிற்பார்கள். ஒருவருக்கு மோட்டார் கனெக்ஷன், ஒருவருக்குக் கிணற்றுக்கு அனுமதி. எல்லோருக்கும் நீங்களே விண்ணப்பம் எழுதிக் கொடுப்பீர்கள். வேற்று மனிதர்களுக்கு இவ்வளவு செய்கிறவர் மச்சானுக்கு ஒரு கலுங்கு வேலையைக் கொடுக்க மாட்டேன் என்றீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வேலந்தாவளம் போகிற சாலைக்கு அடியில், என் வயலோரமாக, கிளை வாய்க்காலைக் கடத்திவிடும் சின்னப் பாலம். இந்தப் பக்கத்தில் அதைக் கலுங்கு என்போம். அதற்கு அந்தண்டையில் நாற்பது குடும்பத்தின் நிலம் அந்தத் தண்ணீரை நம்பி இருந்தது. எலப்புள்ளியிலிருந்து தமிழ்நாட்டு எல்லைவரை பாதி வீடுகளுக்கு மேஸ்திரியாக நின்று மட்டம் பார்த்தவன் நான். டெண்டர் போட்டேன். நீங்கள் உறையைப் பிரிக்கவே இல்லை.

"சொந்தக்காரங்களுக்கு என்ற கையெழுத்துல வேலை கெடையாதுங்க மச்சான். பக்கத்து செக்‌ஷன்ல போடுங்க, நானே போட்டுக் குடுக்கச் சொல்றனுங்க."

"பக்கத்து செக்‌ஷன்ல எனக்கு வயல் இருக்குதுங்களா?" என்றேன்.

பொள்ளாச்சிக் காண்டிராக்டர் ஒருவருக்கு வேலை போயிற்று. என் வயலோரத்தில் இன்னொருவன் கலவை போடுவதைத் தினமும் பார்த்துக்கொண்டே நான் வேலைக்குப் போனேன். கம்பி கட்டுவதில் குறை தேடினேன், ஜல்லியில் குறை தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. முடிந்த பிறகு நீங்கள் முக்காலியில் கருவியை நிறுத்தி மட்டம் பார்த்து, சரியென்று எழுதிவிட்டுப் போனீர்கள். மறுநாள் நான் என் குழாயை எடுத்துக்கொண்டு போனேன்.

மட்டம் பார்க்கும் குழாயைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தண்ணீர் நிரப்பிய கண்ணாடி நிறக் குழாய். இரண்டு முனையையும் இரண்டு இடத்தில் தூக்கிப் பிடித்தால் உள்ளே தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதிலிருந்து தரைக்கு அளந்தால் எந்த இடம் மேடு, எந்த இடம் பள்ளம் என்று தெரிந்துவிடும். நான் பிடித்தபோது கலுங்கின் தரை அந்தண்டைப் பக்கம் மூன்றங்குலம் உயர்ந்து காட்டியது. அப்படியானால் தண்ணீர் கடைமடைக்குப் போகாது. இரண்டு தடவை பார்த்தேன். மூன்றங்குலம்தான். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது.

கடைமடைக்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டேன். உங்களுக்கும் ஆள் விட்டேன். வந்தீர்கள்.

"உங்க கருவிக்கு மூணு காலுங்க மாப்பிள்ளை. என்ற குழாய்க்கு ஒரு காலும் இல்ல. ஆனா நிக்கறது எதுன்னு பாத்துக்குங்க" என்றேன். கூட்டம் சிரித்தது.

நீங்கள் குந்தி உட்கார்ந்து குழாயை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தீர்கள். பிறகு குரலைத் தாழ்த்தித்தான் சொன்னீர்கள்: "எங்கியாச்சும் காத்து நிக்குமுங்க மச்சான். ஒருக்காத் தட்டிப்போட்டுப் பாக்கலாமுங்களா?"

தாழ்த்திச் சொன்னாலும் எல்லோர் காதிலும் விழுந்தது. காண்டிராக்டரின் ஆள் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டான். குழாயைத் தட்டிவிட்டுப் பிடிக்க வேண்டும் என்பது முதல் நாள் சித்தாளுக்கும் தெரியும். அதை நாற்பது பேர் முன்னால் எனக்குச் சொல்லித் தருகிறீர்களே என்று தலைக்கு ஏறிவிட்டது. தட்டினால் நீங்கள் சொல்லித் தட்டியதாகிவிடும். "எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாமுங்க" என்று குழாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று மத்தியானமே பெட்டிஷன் எழுதினேன். மொட்டைக் கடிதம் இல்லை. பெயர், தகப்பனார் பெயர், வீட்டு நம்பர் போட்டுக் கையெழுத்தும் போட்டேன். மேலே வரைக்கும் போயிற்று. விசாரிக்க வந்தவர்கள் கருவியை வைத்துப் பார்த்தார்களோ, காகிதத்தை வைத்துப் பார்த்தார்களோ, எனக்குத் தெரியாது. அந்தப் பருவத்தில் வாய்க்காலில் தண்ணீர் விட்டபோது கடைமடைக்கு ஒரு சொட்டும் வரவில்லை. மேல் பக்கத்துக்காரர்கள் மணல் மூட்டை போட்டு அடைத்துவைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு ஊருக்குத் தெரிந்ததெல்லாம் மேஸ்திரி சொன்னது பலித்தது என்பதுதான். கலுங்குக்குக் கோணக் கலுங்கு என்று பெயர் வைத்தார்கள். உங்களுக்கு இடுக்கி ஜில்லாவுக்கு, மறையூர்ப் பக்கம், ஸ்தலமாற்றம் வந்தது.

உங்கள் வீட்டிலும் என் பேச்சுத்தான் ஜெயித்தது. பெட்டி கட்டிய அன்று நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். சரசு கரண்டியைக் கையில் பிடித்தபடி, என் முன்னாலேயே சொன்னாள்: "என்ற அண்ணன் அளவு தப்பாதுங்க. நீங்கதான் எங்கியோ கோட்டை உட்டுட்டீங்க. ஒத்துட்டுப் போயிருந்தா இந்தக் காட்டுக்கு அனுப்பியிருப்பாங்களா?" நீங்கள் ரசத்தைப் பிசைந்துகொண்டே, "சரி, உடு சரசு" என்றீர்கள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் மோர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.

இரண்டு மாதம் கழித்து, வேலந்தாவளம் மாட்டுச் சந்தைக்குப் பின்னால் ஒரு வீட்டுக்கு அஸ்திவார மட்டம் பார்த்தேன். நாலாவது மூலை முதல் மூலையோடு ஒட்டவில்லை. முனைகளை மாற்றிப் பிடித்தால் வேறு அளவு வருகிறது. என் குழாயில் ஒரு முனைக்குக் கிட்டே ஓர் ஒட்டு உண்டு. அரிவாள் பட்டு அறுந்ததை நானே சேர்த்து, மேலே சைக்கிள் டியூப் ரப்பரைச் சுற்றிக் கட்டியிருந்தேன். அந்தக் கறுப்பு ரப்பரைப் பிளந்து பார்த்தேன். உள்ளே மூன்றங்குல நீளத்துக்குக் காற்று உட்கார்ந்திருந்தது. விரலால் சுண்டினேன். குமிழ் மேலே போய்விட்டது.

மறுநாள் விடிந்ததும் புதுக் குழாய் ஒன்றோடு கலுங்குக்குப் போனேன். தட்டிவிட்டுப் பிடித்தேன். முனை மாற்றிப் பிடித்தேன். நீங்கள் எழுதிவைத்த வாட்டத்துக்கு ஒரு நூல்கூட வித்தியாசமில்லை. வாய்க்காலில் முகம் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் சொல்லலாம் என்று இருந்தேன். பிறகு நீங்கள் லீவுக்கு வரும்போது சொல்லலாம் என்று இருந்தேன். நீங்கள் வந்தால் எனக்கு ஜீப் ஞாபகம் வரும், டெண்டர் ஞாபகம் வரும். படட்டும் என்று தோன்றும்.

அப்படியே ஐந்து வருஷம். சனிக்கிழமை மத்தியானம் மறையூரில் பஸ் ஏறி, காட்டைத் தாண்டி, உடுமலையில் மாறி, பொள்ளாச்சியில் மாறி வருவீர்கள். ஞாயிறு ஒரு நாளில் அப்பாவைக் குளிப்பாட்டி, மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து, முற்றத்தில் நிற்கிறவர்களுக்கு விண்ணப்பம் எழுதி, திங்கள் விடியுமுன் கிளம்புவீர்கள். உங்கள் அப்பா ஒரு புதன்கிழமை தவறினார். தகவல் கிடைத்து நீங்கள் ஏறிய பஸ்ஸுக்கு முன்னால் காட்டுப் பாதையில் யானை நின்றுவிட்டது. சாயங்காலம் வரை உங்களுக்காகக் காத்திருந்தோம். கடைசி நேரத்தில் அவர் வாயில் தண்ணீர் விட்டது நான். உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டார். "வந்துட்டே இருக்கறாருங்க" என்றேன். நீங்கள் வந்து என்னைக் கட்டிக்கொண்டு, "நீங்களாச்சும் பக்கத்துல இருந்தீங்களே மச்சான்" என்று அழுதீர்கள். அப்போதும் நான் சொல்லவில்லை.

இதைவிடக் கேவலமானது ஒன்று உண்டு. நாலாவது வருஷம் மேல் பக்கத்து மதகுகளுக்குப் பூட்டுப் போட்டு முறை வைத்தார்கள். இனிமேல் தண்ணீர் வரும், கோணலைச் சரிசெய்ய வேண்டும் என்று பஞ்சாயத்தில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். போனேன். தரையைக் கொத்தினேன். கொத்திய கனத்துக்கே திரும்பப் பூசினேன். தண்ணீர் வந்தது. எஞ்சினீயர் கெடுத்ததை மேஸ்திரி சரிபண்ணினார் என்று மேடையில் எனக்குத் துண்டு போர்த்தினார்கள்.

அடுத்த ஞாயிறு நீங்கள் அங்கே வந்தீர்கள். நான் கரையில் நின்றிருந்தேன். நீங்கள் கலுங்கின் வாயில் குந்தி, பூச்சின்மேல் உள்ளங்கையை ஓட்டிப் பார்த்தீர்கள்.

"பூச்சு நல்லா வந்திருக்குதுங்க மச்சான்" என்றீர்கள்.

அடுத்த வார்த்தைக்காக நின்றேன். நீங்கள் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, என் மனைவியின் மூட்டுவலிக்கு உடுமலையில் ஒரு வைத்தியர் இருக்கிறார் என்று சொல்ல ஆரம்பித்தீர்கள். தெரிந்துகொண்டுதான் பேசினீர்கள். பூச்சின் கனத்தைக் கை பார்த்தே சொல்கிற மனிதர் நீங்கள். அன்றைக்கு என் சட்டையைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கியிருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். மரியாதை பார்த்து விட்டுவிட்டீர்கள். அந்தக் கோபம் எனக்கு உங்கள்மேல் உண்டு, இப்போதும் குறையவில்லை. பொதுஜனத்துக்காக இலாகாவோடு எத்தனை சண்டை போட்டீர்கள். உங்களுக்காக என்னோடு ஒரு சண்டை போட்டிருக்கக் கூடாதா?

நீங்கள் திரும்பி வந்தீர்கள், ஓய்வு பெற்றீர்கள், போன வருஷம் போயும் சேர்ந்தீர்கள். திதிக்கு மறையூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். செல்லத்தாயி என்று பெயர்; கரும்பு போடுகிறவர். மூன்று பஸ் மாறி, மடியில் வெல்ல மூட்டையோடு வந்திருந்தார். கூடத்தில் சரசுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்.

"எங்க காட்டுக்குத் தண்ணி கொண்டாந்தது சாருதாம்மா. வாய்க்கா பாறையச் சுத்திச் சுத்திப் போகும். அந்தக் கண்ணாடிக் கருவிய வச்சா எதிர்ல ஒண்ணுந் தெரியாது. குழாயத்தான் கொண்டாந்தாக. 'இது எங்க மச்சான் தொழிலு, அவரப் பாத்துத்தான் படிச்சேன்'னு சொல்லுவாக."

சரசு என்னைப் பெருமையாகப் பார்த்தாள்.

"ஆனா ஒண்ணும்மா, குழாய ரெண்டு தட்டுத் தட்டாமப் பிடிக்க விடமாட்டாக. 'காத்து நின்னா குழாய் பொய் சொல்லும். குழாய்மேல குத்தமில்ல, தட்டாதவன் மேலதான்'னு வைவாக. வேற எதுக்கும் அவுக மொகம் கடுத்து நான் பாத்ததில்ல."

சரசு கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்ண்ணா, அன்னிக்கு உங்ககிட்டயும் இதத்தானே சொன்னாரு?"

"ஆமா."

"தட்டுனீங்களா?"

"இல்ல. காத்துத்தான் நின்னுது. அவரு மட்டம் சரி."

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"ரெண்டே மாசத்துல."

செல்லத்தாயி ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சரசு அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஆசுபத்திரில கெடக்கறப்போ அவரைச் சிரிக்க வெக்கறதுக்குன்னு சொன்னனுங்ண்ணா. 'உங்க வேலையில அந்தக் கலுங்கு ஒண்ணுதானுங்க கோணலாப் போச்சு'ன்னு. சிரிச்சாரு. அந்த மனுசன் சிரிச்சாருங்ண்ணா." கீழே வைத்த தம்ளரை எடுத்துக்கொண்டு, "போய்ச் சொல்லுங்க. எந்தக் கூட்டத்துல நின்னு சொன்னீங்களோ, அதே கூட்டத்துல. அப்புறமா அவருக்கும் எழுதுங்க" என்றாள். எழுந்து உள்ளே போனாள்.

பாசனக் கமிட்டி யோகம், கூட்டத்துக்கு இங்கே அதுதான் பெயர், பத்து நாள் கழித்து வாசகசாலையில் நடந்தது. பழைய ஆட்கள் பத்துப் பேர் மிச்சம். மற்றவர்கள் அவர்களுடைய பிள்ளைகள். எழுந்து நின்று, டெண்டரிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏப்பா, எம்பது வயசுல இதுக்கா எந்திரிச்சே? தண்ணிதான் வருதே" என்றார் பழனிச்சாமி. அன்றைக்கு என் பேச்சுக்கு முதலில் சிரித்தவர் அவர்தான்.

பின்னாலிருந்து ஒருவன், "அப்பப் போத்துன துண்டைத் திருப்பிக் குடுத்துருங்க பெரியப்பா" என்றான். சிரிப்பு எழுந்தது.

கொண்டுபோயிருந்தேன். பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். மடிப்பெல்லாம் மஞ்சளாகியிருந்தது. சிரிப்பு நின்றது. இதை எப்படி மினிட்ஸில் எழுதுவது, அஜண்டாவில் இல்லையே என்று செகரட்டரி இழுத்தார். "எஞ்சினீயர் மட்டம் சரி, மேஸ்திரி மட்டம் தப்புன்னு எழுதுங்க" என்றேன். அவர் எழுதி, நான் படித்துக் கையெழுத்துப் போடும்வரை உட்காரவில்லை.

சரசுவிடம் போய்ச் சொன்னேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டாள். அவ்வளவுதான். இன்னும் என்னோடு பேசவில்லை. பேசு என்று நான் கேட்கவும் மாட்டேன்.

கூட்டத்தில் எழுதியாகிவிட்டது, ஆனால் பெயர் நகரவில்லை. இந்த வழியாக ஓடுகிற பஸ்ஸில் அது ஒரு ஸ்டாப். அன்று யோகம் முடிந்து திரும்பும்போதே, "கோணக் கலுங்கு எறங்கறவங்க முன்னால வாங்க" என்று கண்டக்டர் கத்தினான். இத்தனை வருஷமாக அந்தச் சத்தத்துக்கு எழுந்து இறங்கியவன்தான் நான். அன்றைக்கு எழ முடியவில்லை. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வந்தேன்.

மறுநாள் ஏறியதும், "எஞ்சினீயர் கலுங்கு ஒண்ணு குடுங்க" என்றேன்.

"அப்படி ஒரு ஸ்டாப்பே இல்லீங்க பெரியவரே."

"இருக்குது."

"கோணக் கலுங்குங்களா?"

"அதுல கோணல் ஒண்ணும் இல்ல. நானு அளந்தவன் சொல்றேன்."

"ஏனுங்க, டிக்கெட்டு வாங்கிப்போட்டு அளந்துக்குங்க, எங்களுக்கு வேலைக்கு நேரமாகுது" என்று பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னாள். பஸ்ஸே சிரித்தது.

அடுத்த ஸ்டாப்பான பள்ளிக்கூடத்துக்கு டிக்கெட் வாங்குகிறேன். அங்கே இறங்கி ஒரு கிலோமீட்டர் திரும்பி நடக்கிறேன். வலது மூட்டு ஒத்துழைப்பதில்லை. இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. நிற்கிற இடத்தில் யாராவது கேட்கிறார்கள், "ஊட்டுக்குப் பக்கத்துலயே எறங்கியிருக்கலாமுங்களே?" என்று. அவர்களுக்கு டெண்டர், குழாய், ஒட்டு, காற்று, பூச்சு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்கிறேன். நேற்று மூன்று பேர் கேட்டார்கள். ஒருவன் பாதியில் சைக்கிளை மிதித்துவிட்டான். மற்ற இரண்டு பேர் முழுக்கக் கேட்டார்கள்.

கண்டக்டர் இன்னும் அந்தப் பெயரைத்தான் கத்துகிறான். பிடிவாதக்காரன். யாருக்குப் பிடிவாதம் அதிகம் என்று அவனுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.